பிறநாட்டு விமானிகளின் தொழில்நிலையும் பதவியுயர்வும்

டுபாய் நகரிலிருந்து புறப்படும் பெரிய விமானமொன்றில் அமர்ந்திருப்போர், விமானம் மேகமண்டலத்தைக் கடந்து சமநிலை எய்தியதும், முன்னறையிலிருந்து கப்டன் பேசுவதைக் கேட்பர். அக்குரல் அராபியருடையதாக இருப்பது அருமை. பேசுபவர் ஆங்கிலேயராகவோ, அவுஸ்திரேலியராகவோ, தென்னாபிரிக்கராகவோ, இந்தியராகவோ இருப்பார். சில வேளைகளில் நம் நாட்டவராகவும் இருத்தல் கூடும். வாலிலே ஒரு நாட்டின் கொடியைத் தாங்கிய விமானத்தை வேறொரு நாட்டவர் செலுத்துவது இன்று பயணிகளுக்கு வியப்பளிப்பதில்லை. இவ்வாறு தாய்நாட்டை விட்டுப் பிறிதொரு நாட்டின் கம்பனியிலே பணிபுரிவோரைப் பிறநாட்டு விமானிகள் என இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம்.

இவர்கள் பெறும் வேதனம் பெரிது. ஆதலின் இவர்தம் தொழில்நிலையை ஆராய்வதற்கு யாது தேவை என வினவுவார் உளர். வேதனத்தை மட்டும் நோக்குவார்க்கு அவ்வினா நியாயமானதே. ஆயினும் இத்தொழிலுக்கே உரிய விசித்திரமான ஓர் இயல்பு உண்டு. பாடசாலை ஆசிரியர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றம் பெற்றுச் செல்வாராயின், அவருடைய சேவைக்காலமும் தரமும் அவருடனே செல்லும். வைத்தியர் ஒருவர் இலண்டன் சென்றாலும், அவருடைய அனுபவம் அங்கு ஓரளவேனும் மதிக்கப்படும். விமானியின் நிலை அத்தகையதன்று. இருபது ஆண்டு பறந்து கப்டனாக விளங்கிய ஒருவர் வேறொரு கம்பனியின் நிரந்தர சேவையிற் சேரும்போது, பெரும்பாலும், நேற்றுச் சேர்ந்த இளைஞருக்குப் பின்னால் வரிசையிலே நிற்கவேண்டியவராகிறார். அவருடைய ஆற்றல் எல்லை கடக்கும்; அவருடைய சேவை மூப்பு எல்லை கடவாது. பிறநாட்டு விமானிகள் எய்தும் நன்மை தீமைகளுட் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

ஆற்றல் எல்லை கடக்கும் வழியை முதலில் நோக்குவோம். 1944 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆந் திகதி சிக்காகோ நகரிலே கைச்சாத்திடப்பட்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 32 ஆம் உறுப்புரை, சர்வதேச வழியிற் பறக்கும் விமானத்தைச் செலுத்துவோர், அவ்விமானம் பதிவுசெய்யப்பட்ட நாடு வழங்கிய, அல்லது அந்நாடு செல்லுபடியாக்கிய அனுமதிப்பத்திரத்தை உடையவராதல் வேண்டும் என விதிக்கின்றது. ஆகவே இங்கு முக்கியமாவது விமானியின் குடியுரிமையன்று, விமானத்தின் பதிவே. இலண்டனிற் பெற்ற பத்திரத்தை மட்டும் கொண்டு ஒருவர் சீனப் பதிவுடைய விமானத்தைச் செலுத்துதல் இயலாது. அந்நாட்டு அதிகாரிகள் முன் மீண்டும் எழுத்துப் பரீட்சை, வைத்திய பரிசோதனை, சிமுலேற்றர் எனப்படும் பாவனைப் பொறியிலே செய்முறைப் பரீட்சை ஆகியவற்றில் அவர் தேறவேண்டும். ஆங்கிலம் பேசும் திறமும் ஆறு படிகளாக வகுக்கப்பட்டு, சர்வதேச வழியிற் பறப்போர் நான்காம் படியையேனும் எய்தியிருத்தல் வேண்டும் என்னும் விதி 2008 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இவை கடினமானவையே எனினும் கடக்கத்தக்கவை. பறப்பு நேரக் குறிப்பேட்டிலே பத்தாயிரம் மணி நேரம் பதிந்துள்ள ஒருவரை எந்நாடும் புதியவராகக் கருதுவதில்லை.

அவரைப் புதியவராக்குவது மூப்பு வரிசையாகும். பெரிய விமானக் கம்பனிகள் பலவற்றில் ஒவ்வொரு விமானிக்கும் அவர் சேர்ந்த நாளைக் கொண்டு ஓர் இலக்கம் வழங்கப்படும். துணை விமானி எப்போது கப்டனாவார், எவ்வகை விமானத்துக்கு மாறுவார், எந்நகரைத் தளமாகக் கொள்வார், தீபாவளிக்கோ நத்தாருக்கோ விடுமுறை பெறுவாரா, தொழில் நலிந்த காலத்தில் யார் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்னும் யாவற்றையும் அவ்விலக்கமே தீர்மானிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 1931 ஆம் ஆண்டு விமானிகள் சங்கம் தோன்றியபின் இம்முறை அங்கு வேரூன்றிற்று. பிற நாடுகளும் பலவாறாக இதனைத் தழுவின.

திறமையைக் கணியாது வந்த நாளைக் கணிப்பது மூடத்தனம் எனத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மழையும் புயலும் சூழ்ந்த வேளையில் விமானத்தைப் புறப்படவிடாது நிறுத்தும் உரிமை கப்டனுக்கு உண்டு. அவ்வாறு நிறுத்துவதாற் கம்பனிக்குப் பெருநட்டம் நேரும். மேலதிகாரியின் விருப்பு வெறுப்பிற் பதவியுயர்வு தங்கியிருக்குமாயின், அவ்வுரிமையைத் துணிந்து கையாளுவோர் சிலரே ஆவர். இலக்கம் யாருடைய முகத்தையும் பாராது. ஆதலின் விமானி நிமிர்ந்து நிற்கிறான். ஆனால் இந்த அரண் ஒரு கம்பனியின் எல்லைக்குள்ளேதான் நிற்கின்றது. அதனை விட்டு வெளியேறுபவன் அரணையும் விட்டு வெளியேறுகிறான்.

அவ்வாறாயின் எவரேனும் வெளியேறுவதேன்? பணத்தாசை என்பது எளிதான விடை. வரலாறு வேறொன்றையும் காட்டுகின்றது. 1989 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு விமானிகள் 29.47 வீத வேதன உயர்வு கோரி, காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரையுமே பறப்போம் என நின்றனர். பிரதமர் பொப் ஹோக் அதனை வன்மையாக எதிர்த்தார். கம்பனிகள் விமானிகள்மீது வழக்குத் தொடரத் தொடங்கவே, ஏறத்தாழ 1,640 பேர் ஒருமிக்கப் பதவி துறந்தனர். அரசாங்கம் விமானப்படையின் விமானங்களைப் பயணிகளுக்காக இறக்கிற்று. வெளிநாட்டு விமானங்களும் விமானிகளும் வரவழைக்கப்பட்டனர். பதவி துறந்தோரிற் பலர் பின்னர் தம் நாட்டுக் கம்பனிகளுக்குத் திரும்பவேயில்லை. ஆசியாவிலும் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறினர். பிறநாட்டு விமானிகளைக் கொண்டு தோற்கடிக்கப்பட்டவர் தாமே பிறநாட்டு விமானிகளாயினர் என்பது கவனிக்கத்தக்கது.

ஈராண்டின் பின் அமெரிக்காவில் மற்றொரு சிதறல் நிகழ்ந்தது. 1991 ஜனவரியில் ஈஸ்ரேண் கம்பனியும், அவ்வாண்டு டிசம்பர் 4 ஆந் திகதி பான் அமெரிக்கன் கம்பனியும் பறப்பதை நிறுத்தின. பான் அமெரிக்கனின் பெரும் விமானங்களை உலகைச் சுற்றிச் செலுத்திய மூத்த கப்டன்மார் தம் இலக்கத்தை ஒரே நாளில் இழந்தனர். தாய்நாட்டில் வேறொரு கம்பனியிற் சேர்ந்தால் வரிசையின் கடைசி இடம். பிறநாடு சென்றால் ஒப்பந்தத்தின்மேற் கப்டன் பதவி. ஐம்பது வயதை அணுகிய ஒருவர் எதனைத் தெரிவார் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தக் கப்டன் என்னும் இவ்வகையினரின் வரலாறு பழையது. விமானம் வாங்குவதற்குப் பணம் வேண்டும். கப்டனை ஆக்குவதற்கோ காலம் வேண்டும். பணத்தைக் கடனாகப் பெறலாம், காலத்தைப் பெற இயலாது. ஆதலாற் புதிதாக எழுந்த கம்பனிகள் யாவும் கப்டன்மாரை இரவல் வாங்கின. யப்பான் விமானக் கம்பனி 1951 ஆம் ஆண்டு ஒக்டோபரில் தன் முதற் சேவையைத் தொடங்கியபோது, அமெரிக்காவின் நோர்த்வெஸ்ட் கம்பனியின் விமானங்களும் விமானிகளுமே அதற்கு உதவினர். அண்மைக் காலத்திற் சீனாவும் இந்தியாவும் இவ்வழியையே பின்பற்றின. 2010 ஐ அடுத்த ஆண்டுகளிற் சீனக் கம்பனிகள் பிறநாட்டுக் கப்டன் ஒருவருக்கு மாதம் 20,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வேதனத்தை, வரியைத் தாமே இறுத்து, வழங்கின.

இவ்வகையினருக்குப் பதவியுயர்வு என்பதொன்றில்லை. கப்டனாக வந்தவர் கப்டனாகவே இருந்து கப்டனாகவே செல்வார். அவருடைய ஒப்பந்தம் சில ஆண்டுக்குரியது. பல சமயங்களில் அது கம்பனியுடனன்றி ஆட்சேர்க்கும் முகவர் நிலையத்துடன் செய்யப்பட்டதாக இருக்கும். அவர் அருகில் அமர்ந்து பறக்கும் உள்நாட்டுத் துணை விமானி கப்டனாகும் நாளே, அவருடைய தேவை குறையும் நாளாகும். தம் இடத்துக்கு வரப்போகும் இளைஞருக்குத் தாமே தொழிலைக் கற்பித்துக் கொடுக்கிறார். இந்திய விமானப் போக்குவரத்து அதிகாரிகள் பிறநாட்டு விமானிகளுக்குத் தற்காலிக அனுமதியே வழங்கி, அவர்கள் வெளியேற வேண்டிய இறுதி நாளைக் குறிப்பதும், கப்டன்மார் பற்றாக்குறையால் அதனைப் பின்தள்ளுவதுமாகப் பல ஆண்டு கழித்தனர். குறித்த நாள் நெருங்குந்தோறும் அவ்விமானி பெட்டியைக் கட்டுவதா, பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தைச் செலுத்துவதா என ஏங்கிநின்றார். 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கொரோனா நோய் பரவியபோது, சீனாவிற் பணிபுரிந்த பிறநாட்டுக் கப்டன்மார் பலர் வேதனமற்ற விடுமுறையில் அனுப்பப்பட்டனர். பின்னர் ஒப்பந்தங்கள் முறிந்தன.

வளைகுடாவின் பெருங் கம்பனிகள் வேறொரு வாயிலைத் திறந்தன. அங்கு வருவோரிற் பெரும்பாலார் துணை விமானிகளாகச் சேர்ந்து, பின்னர் கப்டனாக உயரலாம். எமிரேற்ஸ் கம்பனி 1985 ஒக்டோபரிற் பாகிஸ்தானியக் கம்பனியிடமிருந்து வாடகைக்குப் பெற்ற விமானங்களைக் கொண்டு தொடங்கியது; இன்று 250 இற்கு மேற்பட்ட விமானங்களை உடையது. இவ்வளர்ச்சியே பதவியுயர்வின் ஊற்றாயிற்று. நீண்டதூர விமானமொன்றை நாள்தோறும் இயக்குவதற்குப் பல கப்டன்மார் வேண்டும். பத்து விமானங்கள் புதிதாக வருமாயின் பல துணை விமானிகள் இடப்புற ஆசனத்துக்கு மாறுவர். தாய்நாட்டிலே பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியவர், வளரும் கம்பனியில் அதனினும் மிகக் குறுகிய காலத்தில் தோள்பட்டையில் நான்காவது பொன்வரியைப் பெறலாம்.

ஆனால் ஊற்று வற்றுதலும் உண்டு. 2013 நவம்பரில் எமிரேற்ஸ் கம்பனி போயிங் 777 இன் புதிய வகை விமானங்கள் 150 ஐ வாங்க இணங்கிற்று. 2020 அளவில் வரத்தொடங்க வேண்டிய அவை உற்பத்தித் தாமதத்தாலும் சான்றளிப்புத் தாமதத்தாலும் இன்னும் வந்துசேரவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள தொழிற்சாலையில் ஏற்பட்ட தாமதம், டுபாயில் வாழும் போர்த்துக்கேயத் துணை விமானி ஒருவரின் பதவியுயர்வைப் பின்தள்ளுகின்றது. அவர் செய்த பிழை யாதுமில்லை. செய்யக்கூடிய பரிகாரமும் யாதுமில்லை.

தருணம் வந்தாலும் உயர்வு தானாகக் கிட்டுவதன்று. உரிய பறப்பு நேரமும் சேவைக்காலமும் நிறைந்தபின், பாவனைப் பொறியில் இயந்திரம் எரிதல், சில்லு வெடித்தல், பயணி மயங்கி வீழ்தல் எனப் பல இடுக்கண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏவப்படும். அவற்றைத் தீர்க்கும் ஆற்றலை மட்டுமன்றி, உடன்பணிபுரிவோரை வழிநடத்தும் பாங்கையும் பரிசோதகர் நோக்குவர். அதன்பின் பயிற்சிக் கப்டன் அருகிருக்கப் பல பறப்புகள். ஈற்றிலே இறுதிப் பரீட்சை. இதிற் தவறியவர் மீண்டும் துணை விமானியாவார். பெரிய விமானங்களிற் பணிபுரியும் துணை விமானிக்கு மேலுமோர் இடர்ப்பாடு உண்டு. டுபாயிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் செல்லப் பதினாறு மணி நேரம் பிடிக்கும், அதற்கு நால்வர் செல்வர், தரையிறக்குபவரோ ஒருவர். மாதம் முழுதும் பறந்தும் ஓரிரு முறையே விமானத்தைத் தம் கையால் இறக்கியவர் பலர். தொண்ணூறு நாளில் மூன்று முறையேனும் ஏற்றி இறக்கியிருத்தல் வேண்டும் என்னும் விதியை நிறைவேற்றப் பாவனைப் பொறியை நாடுவாரும் உளர். உள்ளூர்ப் பறப்பிலே நாள்தோறும் நான்கு முறை தரையிறக்கும் இளைஞர் கைப்பழக்கத்தில் இவரை விஞ்சுதல் இயல்பே.

இனி அன்றாட நிலைமைகளைச் சிறிது நோக்குவோம். பல நாடுகளின் விதிகள் 28 நாளில் 100 மணியும், ஆண்டில் 900 அல்லது 1,000 மணியுமே பறக்கலாம் என வரையறுக்கின்றன. இலிகிதர் ஒருவரின் வேலை நேரத்திற் பாதிதானே என எண்ணுதல் பிழையாகும். பறப்புக்கு முன்னும் பின்னும் உள்ள கடமை, அந்நிய நகர விடுதிகளிற் கழியும் நாள்கள் ஆகியன இக்கணக்கிற் சேரா. வளைகுடா நகரங்கள் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் சந்திகளாதலின், அங்கு விமானங்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கூட்டங்கூட்டமாக வந்து செல்லும். ஒரு கிழமையில் மேற்கே எட்டு மணி நேர வேறுபாடும் அடுத்த கிழமையிற் கிழக்கே ஆறு மணி நேர வேறுபாடும் எய்திய உடல், எப்போது உறங்குவதென அறியாது தடுமாறும். ஆண்டில் இருமுறை திறமைப் பரீட்சை உண்டு. வைத்திய பரிசோதனை ஆண்டுதோறும், அறுபது வயதின் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இவற்றுள் எதிலேனும் தவறினால் தொழில் நிற்கும். இது எந்நாட்டு விமானிக்கும் பொதுவேயாயினும், பிறநாட்டு விமானிக்குத் தொழிலுடன் வேறு சிலவும் நின்றுவிடும். வீடு கம்பனியுடையது, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம் கம்பனி செலுத்துவது, அவரும் குடும்பமும் அந்நாட்டில் வாழும் அனுமதியே அத்தொழிலைப் பற்றி நிற்பது. அவை யாவும் குறுகிய தவணைக்குள் முடிவுறும்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேதனத்துக்கு வருமானவரி இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. சேவை முடிவிற் கிடைக்கும் பணிக்கொடையை அந்நாட்டுத் தொழிற் சட்டம், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை வேதனம், அதன்பின் 30 நாள் வேதனம் என வகுத்துள்ளது. ஆயினும் களைப்பினாற் பறக்க இயலாது என ஒருவர் அறிவிக்கும்போது அவருக்குப் பின்னால் நிற்பதற்கு ஒரு சங்கம் இல்லை. விதிகள் அவ்வுரிமையைக் கொடுத்திருப்பினும், வதிவிட அனுமதியும் பிள்ளையின் படிப்பும் கம்பனியின் கையிலுள்ளபோது, அவ்வுரிமையைக் கையாள மனம் தயங்குதல் இயல்பு. இவ்விடயம் விமானிகளின் நலனோடு நிற்பதன்று, பின்னால் அமர்ந்திருக்கும் பயணிகளையும் சார்ந்தது. மூப்பு வரிசை எதனைக் காப்பதற்காக எழுந்ததோ, அதுவே இங்கு மெலிவுறுகின்றது.

சங்கம் இருந்தால் யாவும் சீராகுமோ எனின், ஹொங்கொங் நகரின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. கதே பசிபிக் கம்பனி 1946 ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கராலும் ஓர் அவுஸ்திரேலியராலும் நிறுவப்பட்டது. நெடுங்காலம் அதன் விமானிகள் பெரும்பாலும் பிரித்தானியரும் அவுஸ்திரேலியருமே. 1988 இல் உள்ளூர் இளைஞரைப் பயிற்றும் திட்டம் தொடங்கிற்று. 1993 இற் புதிதாகச் சேர்வோருக்குக் குறைந்த வேதனப் படியொன்று வகுக்கப்பட, ஒரே விமானத்தில் ஒரே வேலையைச் செய்யும் இருவர் இருவேறு படிகளில் வேதனம் பெறலாயினர். 2001 ஆம் ஆண்டு ஜூலையில், விதிப்படி மட்டுமே பணிசெய்வோம் எனச் சங்கம் நடவடிக்கை எடுத்தபோது, கம்பனி 49 விமானிகளை ஒருங்கே நீக்கிற்று. அவர்களிற் பலர் பிறநாட்டவர். இதனையடுத்து எழுந்த வழக்கு 2012 வரை நீண்டு, அந்நகரின் உச்ச முறையீட்டு நீதிமன்றத்திலே முடிந்தது. அத்தகைய சங்க நடவடிக்கையிற் பங்குகொள்வது சட்டத்தின் பாதுகாப்புக்குரியது என நீதிமன்றம் கொண்டது. நீதி கிடைத்தது உண்மை. ஆயினும் பதினோராண்டு என்பது விமானி ஒருவரின் தொழில் வாழ்விற் பெரும் பங்காகும். 2020 ஒக்டோபரில் அதே கம்பனி தன் துணைக் கம்பனியை மூடி, ஆயிரக்கணக்கானோரை நீக்கி, எஞ்சிய விமானிகள் முன் குறைந்த வேதனத்துடன் புதிய ஒப்பந்தத்தை வைத்தது. மிகப் பெரும்பாலார் கைச்சாத்திட்டனர். உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்ற அக்காலத்தில் வேறு போக்கிடம் அவர்களுக்கு இருக்கவில்லை.

உள்நாட்டவருக்கு முதலிடம் அளித்தல் அநீதி எனச் சில பிறநாட்டு விமானிகள் குறைகூறுவர். அக்குறையை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. தன் பிள்ளைகள் தன் விமானங்களைச் செலுத்தவேண்டும் என்று ஒரு நாடு விரும்புவதில் தவறென்ன? 1998 முதல் 2008 வரை எமிரேற்ஸ் கம்பனியின் நிருவாகத்தில் இருந்த நம் தேசிய விமானக் கம்பனியையும் நினைவுகூர்தல் தகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது, அதன் விமானிகள் பலர் பிறநாடு சென்றனர். இங்கே மூத்தோர் விட்ட இடத்தில் இளையோர் ஏறுவர். அங்கே நம்மவர் வரிசையின் கடைசியில் நிற்பர். குறைகூறத்தக்கது வேறொன்று. எத்தனை ஆண்டு தேவைப்படுவர், உயர்வுக்கு வழியுண்டா என்பவற்றை வேலைக்கு எடுக்கும்போது தெளிவாகக் கூறாது, ஐந்தாண்டில் கப்டன் ஆகலாம் என்னும் வாய்மொழியால் ஆட்சேர்த்தல். ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஐந்தாண்டு, பத்தாண்டாக நீண்டால் கேட்பார் இல்லை.

திரும்பிச் செல்வோரின் கணக்கும் கருதத்தக்கது. 2022 ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அமெரிக்கக் கம்பனிகள் விமானிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்தன. 2023 இல் டெல்ற்றா கம்பனி நான்காண்டில் 34 வீத வேதன உயர்வுக்கு இணங்கிற்று. பிறநாடுகளிற் கப்டன்மாராக இருந்த அமெரிக்கர் பலருக்கு இது வீடுதிரும்பும் வாய்ப்பாயிற்று. ஐம்பது வயதினரான ஒருவர் இரண்டு தட்டுடைய எயர்பஸ் ஏ380 விமானத்தின் இடப்புற ஆசனத்தை விட்டு, தாய்நாட்டில் ஒரே நடைவழியுடைய சிறு விமானத்தின் வலப்புற ஆசனத்தில் அமர்வார். அழைத்தபோது வரும் சேமத்தொண்டராக முதல் ஆண்டைக் கழிப்பார். நத்தாருக்கு வீட்டிலிருத்தல் அரிது. அவர் அருகிற் கப்டனாக இருப்பவர் அவரினும் இருபது வயது இளையவராக இருத்தலுங் கூடும். சர்வதேச விதி 2006 ஆம் ஆண்டில் ஓய்வு வயதை 60 இலிருந்து 65 ஆக உயர்த்தியமையால், அவருக்கு இன்னும் பதினைந்து ஆண்டு உண்டு. வரிசையில் தமக்கு மேலுள்ள ஆயிரக்கணக்கானோரின் வயதைப் பார்த்து, எவ்வாண்டில் எத்தனை பேர் அறுபத்தைந்தை எய்துவர் என அவர் கணக்கிடுவார். அமெரிக்கக் கம்பனிகளிலே அப்பட்டியல் எல்லா விமானிகளின் கையிலும் உண்டு.